கருத்த தக்காளியும் ‘கூகுள் டாக்டர்’ ஸ்டிக்கரும்

கேள்வி: தாம்பரத்தில் மூன்று வருடமாக மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். இந்தக் கோடையில் 14 பைகளில் தக்காளி. காய் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் கருத்துவிடுகிறது. ஒரு காயைக் கையில் பிடித்துப் படம் எடுத்து, 900 பேருக்கு மேல் இருக்கும் மாடித்தோட்ட வாட்ஸப் குழுவில் போட்டேன். தன்னை ‘மாடித்தோட்ட மருத்துவர்’ என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், “இது பூஞ்சை. மேங்கோசெப் லிட்டருக்கு 5 கிராம் அடிங்க, பைக்கு ஒரு கைப்பிடி எப்சம் உப்பு போடுங்க” என்றார். “கால்சியம் குறைபாடுன்னு படிச்சேனே, முட்டை ஓடு போட்டுட்டுதான் இருக்கேன்” என்று எழுதினேன். “கூகுள் டாக்டர் வந்துட்டாங்க, நாமெல்லாம் மூட்டை கட்டலாம்” என்று பதில் வந்தது. அதன்பிறகு சிரிப்புப் பொம்மைகள்தான். என் படத்தையே, வளையல் போட்ட கையோடு, ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். அவமானத்தில் அவர் சொன்னதையே 14 பைக்கும் செய்தேன். 10 நாளாகிறது. கருப்பு நிற்கவில்லை, இலை ஓரமும் காய்கிறது. யார் சொன்னது சரி? நிஜமாகவே தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது? குழுவை விட்டு விலகிவிடலாமா?

— பெயர் வேண்டாம், தாம்பரம்

பதில்: சகோதரி, முதலில் செடியைப் பார்ப்போம். செடிக்கு என்ன என்று முடிவானால்தான் யார் சொன்னது சரி என்ற பேச்சுக்கே இடம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கருப்பு இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். காம்புக்கு நேர் எதிரே, பூ காய்ந்து உதிர்ந்த புள்ளியில்தான் அது தொடங்கியிருக்கிறது. வட்டமாக, சற்றே உள்வாங்கி, செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது. இதற்குப் பெயர் பூ நுனி அழுகல். ‘அழுகல்’ என்ற பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம், ஏனென்றால் இது தொற்று நோயே கிடையாது. பூஞ்சையோ பாக்டீரியாவோ இதை உண்டாக்குவதில்லை, ஒரு காயிலிருந்து இன்னொரு காய்க்குத் தாவுவதும் இல்லை. வீட்டிலேயே சரிபார்க்கலாம். கருத்த இடத்தை நகத்தால் அழுத்துங்கள். உலர்ந்து கெட்டியாக இருந்தால், நாற்றமும் இல்லையென்றால் இதுதான். சில நாள் கழித்து அதே இடத்தில் கருப்பு வெல்வெட் மாதிரி பூஞ்சை படரும். அது செத்த திசுவில் பிறகு வந்து குடியேறியது. அந்தக் கட்டத்தில் படம் எடுத்துப் போட்டால் யாரும் பூஞ்சை என்றுதான் சொல்வார்கள், அந்த ‘மருத்துவர்’ உட்பட.

மற்றவற்றையும் இடத்தை வைத்தே பிரிக்கலாம். வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துத் தாள்போல ஆனால் வெயில் காயம். துளையும் அருகில் எச்சமும் இருந்தால் காய்ப்புழு. பழுத்த பழத்தில், எந்த இடத்திலும், வட்டப் பள்ளங்களாக வந்தால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை. மேங்கோசெப்புக்கு அங்கே வேலை உண்டு. உங்கள் காய்க்கு அது எதுவும் செய்யாது. செய்யவும் இல்லை.

நீங்கள் படித்ததும் முழுச் சரியல்ல என்பதைச் சொல்ல வேண்டும். காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் அந்தத் திசு சாகிறது என்பது உண்மை. ஆனால் மண்ணில் கால்சியம் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே பயணம் செய்யும். இலை நாள் முழுக்க நீரை ஆவியாக விடுவதால் வேரிலிருந்து வரும் நீரில் பெரும்பங்கை அது இழுத்துக்கொள்கிறது. காயின் தோல் மெழுகு பூசியது மாதிரி, அதிலிருந்து நீர் வெளியேறுவது மிகக் குறைவு. அதனால் காய்க்குப் போகும் கால்சியமும் குறைவு, அதிலும் காம்பிலிருந்து தூரமான நுனிக்கு மிச்சம் மீதிதான். இலைக்குப் போன கால்சியம் அங்கிருந்து திரும்பிக் காய்க்கு வராது. காய் பிடித்த முதல் இரண்டு வாரம், அது வேகமாகப் பருக்கும் நேரத்தில், பை ஒரு மதியம் காய்ந்தால் போதும். அன்றைக்கு நடந்தது சில நாள் கழித்துக் கருப்பாகத் தெரியும். அதனால்தான் யாரும் அதைத் தண்ணீரோடு முடிச்சுப் போடுவதில்லை.

முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். கரைய மாதக்கணக்கில் ஆகும், அதுவும் அமில மண்ணில். உங்கள் குக்கரின் அடியில் வெள்ளை படிகிறது என்றால் நீங்கள் ஊற்றும் தண்ணீரிலேயே போதுமான கால்சியம் இருக்கிறது. ஓடு போட்டதால் கெடுதல் ஒன்றும் இல்லை, இந்த அறுவடைக்குப் பயனும் இல்லை.

எப்சம் உப்பு விஷயம் வேறு. அது மெக்னீசியம் சல்பேட். வேருக்குள் நுழையும் வாசலில் மெக்னீசியமும் கால்சியமும் போட்டி போடுகிறவை. காய் கால்சியத்துக்கு ஏங்கும்போது மெக்னீசியத்தை அள்ளிக் கொட்டினால் கருப்பு கூடும். அதுவும் ‘ஒரு கைப்பிடி’! ஒருவர் கைப்பிடி 30 கிராம், இன்னொருவர் கைப்பிடி 60 கிராம். உங்கள் சிறு பைக்கு அது உப்புக் கடல்தான். இலை ஓரம் காய்வதற்கு முதல் சந்தேகம் அதன் மேல்.

உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில் போகிற போக்கில் எழுதியிருக்கும் நான்கு வரிகள்தான் நோயின் மூலம்: 9க்கு 9 அங்குலப் பை, பைக்கு இரண்டு செடி, முழுக்கத் தேங்காய்நார்த் துகள், காலையில் ஒரு மக் தண்ணீர். கூடவே மூன்று நாளுக்கு ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல். இந்தப் பையில் விளிம்பு வரை நிரப்பினாலே 9 லிட்டர் கலவைதான் பிடிக்கும். காய்க்கும் தக்காளி ஒன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில், தளத்தின் சூடும் சேர்ந்து, ஒரு மக் தண்ணீர் மதியம் 12 மணிக்குள் தீர்ந்துவிடும். நார்த்துகளைக் கழுவாமல் பயன்படுத்தினால் அதில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். கால்சியத்தை அது தானே பிடித்து வைத்துக்கொள்ளும். பிண்ணாக்கு அடிக்கடி ஊற்றினால் அமோனிய வடிவ நைட்ரஜன் சேர்ந்து இலையைத் தழைக்க வைக்கும், கால்சியம் ஏறுவதையும் தடுக்கும். இத்தனையும் ஒரே பையில். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரையும் செடிக்கு ஊற்றுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள், உப்பு அதில் இன்னும் செறிவாக இருக்கும்.

நாளைக் காலை செய்ய வேண்டியது இது. கருத்த காய்கள் அனைத்தையும் கிள்ளிவிடுங்கள், அவை இனித் தேறாது. சாதாரணமாக, கருத்த பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம். ஆனால் நீங்கள் மேங்கோசெப்பைக் குறைந்தது இரண்டு மடங்கு அடித்திருக்கிறீர்கள் (75 சதவீதத் தூளுக்கு வழக்கமான அளவு லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம்). அதனால் மருந்து பட்ட காய்களைச் சாப்பிட வேண்டாம், குப்பைக்குப் போகட்டும். பைக்கு ஒரு செடியை மட்டும் வைத்து மற்றதைத் தரையோடு கத்தரியுங்கள். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அறுந்துபோகும்.

பிறகு உப்பைக் கழுவ வேண்டும். ஒரு பைக்கு 9 லிட்டர் தண்ணீர் எடுத்து, மூன்று தடவையாக, தடவைக்கு 3 லிட்டர், நடுவில் 20 நிமிட இடைவெளி விட்டு மெதுவாக ஊற்றுங்கள். அடித்துளை வழியே பழுப்பாக ஓடும், ஓடட்டும். எப்சம் உப்பு எளிதில் கரைவது என்பதால் கழுவினால் போய்விடும். அடித்துளை அடைத்திருந்தால் முதலில் குச்சியால் குத்தித் திறந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேர் மூச்சுத் திணறிச் செடியே வாடிவிடும். வெயில் ஏறும் முன், காலை 7 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அடுத்த நாள் மேற்பரப்பில் 2 அங்குலத்துக்குக் காய்ந்த சருகோ வைக்கோலோ பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் விரல் அகலம் இடம் விட்டு. மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்ட முடிந்தால் கட்டுங்கள், முடியாவிட்டால் பழைய பருத்திப் புடவையை 11 மணியிலிருந்து 3 மணி வரை செடிக்கு மேலாக இழுத்துக் கட்டினாலும் பலன் உண்டு. தண்ணீரை இரண்டு வேளையாக்குங்கள், காலை ஒன்று, மாலை 5 மணிக்கு ஒன்று. அளவை மக்கில் எண்ண வேண்டாம், அடித்துளையில் நாலு சொட்டு வந்ததும் நிறுத்துங்கள். இந்த வெயிலுக்குச் செடி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் வரும். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை விட்டால் ஈரம் தட்ட வேண்டும். பிண்ணாக்குக் கரைசலை 15 நாளுக்கு ஒருமுறை என்று குறையுங்கள்.

கால்சியம் தர ஆசை என்றால் கால்சியம் நைட்ரேட் வாங்குங்கள். லிட்டருக்கு 2 கிராம், பைக்கு அரை லிட்டர், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஈரமான பையில்தான் ஊற்ற வேண்டும். டி.ஏ.பி. உரத்தோடும் எப்சம் உப்போடும் ஒரே தண்ணீரில் கலந்தால் தயிர் மாதிரி திரிந்து அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும், செடிக்கு எதுவும் போகாது. டப்பாவை இறுக்கி மூடுங்கள், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் குழம்பாகிவிடும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் தவறு குழுவில் கேட்டது அல்ல, எதிர்த்துப் பேசியதும் அல்ல. ஒருவர் சொன்னதை 14 பைக்கும் ஒரே நாளில், இரண்டு மருந்தையும் சேர்த்துச் செய்ததுதான். இப்போது இலை காய்வது எதனால் என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒப்பிட ஒரு பையைக்கூட நீங்கள் விட்டு வைக்கவில்லை. யார் என்ன சொன்னாலும், நான் சொன்னாலும், முதலில் இரண்டு பையில் செய்து பாருங்கள். குழுவில் 900 பேர் முன்னால் நடக்கும் வழக்கை அந்த இரண்டு பை தீர்த்துவைக்கும்.

இந்தத் தடவையே அப்படிச் செய்யலாம். கழுவுவதும் செடியைக் குறைப்பதும் எல்லாப் பைக்கும் பொது. அதன் பிறகு 2 பைக்கு மட்டும் பழையபடி காலையில் ஒரு மக் தண்ணீர், சருகு மூடாக்கு இல்லை. 6 பைக்கு இரண்டு வேளைத் தண்ணீரும் மூடாக்கும். மீதி 6 பைக்கு அதே தண்ணீர், அதே மூடாக்கு, கூடக் கால்சியம் நைட்ரேட். வாரத்துக்கு 3 லிட்டர் கரைசல், 6 கிராம் நைட்ரேட், அவ்வளவுதான் செலவு. ஒரே வகைப் பைகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒன்றாக வைக்காமல் கலந்து வையுங்கள், சுவர் ஓரச் சூடு கணக்கைக் கெடுத்துவிடும். பையில் வண்ண டேப் ஒட்டி, ஒரு நோட்டில் தேதி போட்டு, புதிதாகப் பிடித்த காய் எத்தனை, அதில் கருத்தது எத்தனை என்று எழுதுங்கள். ஏற்கெனவே பெருத்த காயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் மட்டும் கொடுத்த 6 பையும் நைட்ரேட் கொடுத்த 6 பையும் ஒரே மாதிரி தேறினால், அடுத்த வருடம் நைட்ரேட் வாங்கவே வேண்டாம். தக்காளி நீள்வகையாக இருந்தால் இதே கவனிப்பிலும் சில காய் கருக்கும், அந்த வகைக்கு இந்தச் சுபாவம் அதிகம். முதல் கொத்தில்தான் கருப்பு கூடுதலாக வரும் என்பதையும் மனதில் வையுங்கள், இரண்டாம் கொத்து தானாகவே கொஞ்சம் தேறும். அந்த 2 பையைப் பழையபடி விடச் சொன்னது இதற்காகத்தான். இல்லாவிட்டால் கடைசியாக எதை ஊற்றினோமோ அதற்கே பாராட்டுப் போய்விடும். ‘மருத்துவர்’களின் பெயர் பாதி இப்படித்தான் வளர்கிறது.

தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டீர்கள். பட்டத்தைப் பார்க்காதீர்கள், அடைமொழியையும் பார்க்காதீர்கள். பட்டம் இல்லாமல் 40 வருடம் தக்காளி போட்ட விவசாயிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பதில் சொல்லும் முன் அவர் கேள்வி கேட்டாரா? ஒரே ஒரு காய்ப் படத்தை வைத்துப் பை அளவு, கலவை, தண்ணீர், வயது எதுவும் கேட்காமல் மருந்து எழுதுகிறவர், சரியாகச் சொன்னாலும் அது குருட்டாம்போக்கில் விழுந்த கல். அடுத்தது அளவு. கிராமும் மில்லி லிட்டரும் சொல்கிறவரை நம்பலாம் என்றில்லை, உங்கள் ஆளும் 5 கிராம் என்று துல்லியமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன அளவை மருந்துப் பொட்டலத்தில் இருக்கும் அளவோடு நீங்களே ஒப்பிட முடியும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி, கூட ஒரு மில்லி சோப்புக் கரைசல். பஞ்சகவ்யம் என்றால் 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. இதையே ‘நல்லா தாராளமா ஊத்துங்க’ என்கிறவரிடம் இலை கருகினால் பதில் இருக்காது. ‘இத்தனை நாளில் இது நிற்காவிட்டால் நான் சொன்னது தப்பு, வேறு பார்க்கலாம்’ என்று முன்கூட்டியே சொல்கிறவர் கிடைத்தால் அவர் எண்ணைச் சேமித்து வையுங்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து சொல்கிறவரையும், பதிலின் கடைசியில் ‘நம்மகிட்டயே கிடைக்கும்’ என்று முடிக்கிறவரையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. முரட்டுத்தனமாகப் பேசுகிறவர் தப்பாகத்தான் சொல்வார் என்று நினைத்துவிடாதீர்கள். நக்கலாகப் பேசிச் சரியாகச் சொல்கிறவர்களும் உண்டு, குழைந்து பேசிச் செடியைக் கொல்கிறவர்களும் உண்டு. மனது புண்படும்போது இந்த இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அதற்கு ஒரு சின்ன வழி: அந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதி, செடியைப் பற்றிய வார்த்தைகளை மட்டும் விட்டு மற்றதை அடித்துவிடுங்கள். ‘கூகுள் டாக்டர் வந்துட்டாங்க’ என்ற பதிலில் அப்படி அடித்தால் ஒன்றுமே மிஞ்சாது. மிஞ்சாதவற்றுக்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஏன் இப்படிப் பாய்கிறார்கள் என்பதற்கு உளவியலில் அடிக்கடி காட்டப்படும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் இருவரும் 1999-ல் வெளியிட்டது. தர்க்கம், இலக்கணம் முதலிய சோதனைகளில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்கள், சராசரியாக 100 பேரில் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். 62 பேரை முந்தியதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் குறைகுடம் கூத்தாடும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள். (இந்த ஆய்வின் பெயரைச் சொல்லியே அடுத்தவரைக் கேலி செய்வது இப்போது தனி வழக்கமாகிவிட்டது. அப்படிச் சொல்கிறவர்கள் தங்களை எப்போதும் மேல் கால்வாசியில் வைத்துக்கொள்கிறார்கள்.) உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 900 பேர் பார்க்கும் இடத்தில் ‘படிச்சேனே’ என்று எழுதியதை, அவர் தன் நாற்காலியைப் பிடித்து இழுத்ததாக எடுத்துக்கொண்டார். அதே வரியைத் தனிச் செய்தியில் அனுப்பியிருந்தால் ஒருவேளை விளக்கியிருப்பார். அவர் நடந்துகொண்டதற்கு இது சமாதானம் ஆகாது, அடுத்த முறை உங்களுக்கு உதவும் என்று சொல்கிறேன்.

அடுத்த முறை கேட்கும்போது நான்கு படம் போடுங்கள்: முழுச் செடி, காயின் அடிப்பகுதி, நெடுக்காக வெட்டிய காய், பையின் மேற்பரப்பு. கீழே இப்படி எழுதுங்கள்: “நீளத் தக்காளி, நட்டு 60 நாள். 9க்கு 9 பை, முழு நார்த்துகள். காலையில் ஒரு மக் தண்ணி. 3 நாளுக்கு ஒருக்கா பிண்ணாக்குத் தண்ணி. 14 பையில் 11 பையில் இப்படி, முதல் கொத்தில் மட்டும். என்ன காரணமா இருக்கும்? எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க?” கடைசிக் கேள்வியை விடாமல் கேளுங்கள். தெரிந்தவருக்கு அது பிடிக்கும். தெரியாதவர் பாதிப்பேர் அங்கேயே ஒதுங்கிவிடுவார்கள்.

ஸ்டிக்கர் விஷயத்தை மட்டும் அப்படியே விட வேண்டாம். குழு நிர்வாகிக்குத் தனியாக, கோபம் இல்லாமல் இரண்டு வரி: “என் கை தெரியும் படத்தை என் அனுமதி இல்லாம ஸ்டிக்கர் ஆக்கியிருக்காங்க. அதை நீக்கிடுங்க, இனி போட வேண்டாம்னு குழுவிலும் சொல்லிடுங்க.” வாட்ஸப்பில் மற்றவர்கள் போட்டதையும் எல்லோருக்குமாக நீக்கும் வசதி நிர்வாகிக்கு உண்டு, ஆனால் பழைய செய்தி என்றால் அது முடியாமல் போகலாம். ஏற்கெனவே தங்கள் போனில் சேமித்தவர்களிடமிருந்தும் அதை எடுக்க முடியாது. வெறும் கேலிக்குப் போலீஸ் வரை போவதில் பலன் இருக்காது. ஆபாசமாக எழுதினாலோ, படத்தைத் திரித்தாலோ, தனிச் செய்தியில் தொல்லை கொடுத்தாலோ கதை வேறு: எண்ணும் தேதியும் தெரியும்படி திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, தடை செய்து, மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் கொடுக்கலாம்.

விலகுவதா என்றால், மூன்று வாரம் பொறுங்கள் என்பேன். குழுவை ஒலியடக்கி வையுங்கள். நோட்டில் கணக்கு வந்ததும், யார் பெயரும் சொல்லாமல், யாருக்கும் பதிலாக இல்லாமல், மூன்று எண்ணிக்கையையும் மூன்று படத்தையும் போட்டுவிடுங்கள். ‘பார்த்தீர்களா’ என்ற ஒரு சொல் சேர்ந்தாலும் பேச்சு மறுபடி உங்கள் மேல் திரும்பும், தக்காளி மறந்துபோகும். அதற்கும் சிரிப்புப் பொம்மைதான் வருகிறது என்றால் வெளியேறிவிடுங்கள், நிர்வாகிகளுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும். அதன்பின் ‘யார் என்னைக் குழுவில் சேர்க்கலாம்’ என்ற அமைப்பை உங்கள் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது திரும்ப இழுத்துப் போடுவார்கள்.

கேட்பதற்குக் குழுவை விட்டால் ஆளே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, கட்டணம் இல்லை, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசலாம். பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நாட்டின் முதல் நிலையம் 1974-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. உங்களுக்கு அருகில் காட்டுப்பாக்கத்தில் ஒன்று உண்டு. கருத்த காய் இரண்டு, நல்ல காய் ஒன்று, கொத்தோடு ஒரு கிளை, ஒரு கைப்பிடி கலவை ஆகியவற்றைக் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் வெந்துவிடும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பிய திரைப்பதிவுகளில் 43 செய்திகள் இருக்கின்றன. அதில் 19-வது செய்தியை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு சிரிப்புப் பொம்மைகளுக்கு நடுவில், முகப்புப் படமாகச் செம்பருத்திப் பூ வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை தடவ தண்ணி விடுறீங்க? பை சின்னதா தெரியுதே.” அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “ஒரு தடவதான் தம்பி, ஒரு மக்.”